தாங்யுவானின் மூன்று லி

தாங்யுவான் ஒரு வெள்ளை நாய். நீள முதுகு, குட்டைக் கால். வெல்லப்பாகில் மிதக்கும் அரிசி உருண்டையின் பெயரைத்தான் சிறுமி சின்லானின் அம்மா அதற்கு வைத்திருந்தாள்.

அம்மா இப்போது வெகு தொலைவில், கடலோர நகரத்தில் ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சீனப் புத்தாண்டான வசந்தத் திருநாளுக்குத்தான் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் பேருந்து நிறுத்தத்துக்கு முதலில் ஓடிப்போய் நிற்பது தாங்யுவான்தான்.

இந்த முறை அம்மா வரச் சில வாரங்கள் இருக்கும்போது, அதனால் எழுந்திருக்கவே முடியவில்லை. கட்டிலிலிருந்து குதித்த மறுநாள் பின்னங்கால்கள் இரண்டும் துவண்டு போயின.

அன்று மாலை அம்மா வீடியோவில் அழைத்தாள். சின்லான் நாயின் முன்பாதியை மட்டும் காட்டினாள்.

"ஏன்டி மூஞ்சியையே காட்டுற? வாலைக் காட்டு. அவன் வாலாட்டுறதைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!"

"வால் தூங்குதும்மா," என்றாள் சின்லான். அம்மா இங்கே இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மறுநாள் அப்பா சின்லானையும் தாங்யுவானையும் கடைத்தெருவில் இருந்த கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே இரண்டு டாக்டர்கள். ஃபாங் டாக்டர் எக்ஸ்ரே எடுப்பார், மாத்திரை கொடுப்பார். யூ டாக்டர் முடி போல மெல்லிய ஊசிகளைக் குத்துவார், வேரும் பட்டையும் அரைத்த பொடி கொடுப்பார்.

ஃபாங் டாக்டர் படத்தைக் காட்டினார். "முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துது. வீக்கம் வத்த மாத்திரை தரேன். கூண்டுக்குள்ளேயே இருக்கணும், குதிக்கவே கூடாது."

"அடுத்தது என் முறை," என்றார் யூ டாக்டர். கொஞ்ச நேரத்தில் தாங்யுவானின் முதுகெல்லாம் ஊசி நின்றது.

"அப்பா, முள்ளம்பன்றி ஆயிட்டான்!"

தாங்யுவான் தும்மியது. ஊசிகளும் சேர்ந்து ஆடின.

யூ டாக்டர் முழங்காலுக்குக் கீழே ஓர் ஊசி குத்தினார். "இந்த இடத்துக்குப் பேரு 'கால் மூணு லி'. அந்தக் காலத்துல நடந்து களைச்சவங்க இங்கே அழுத்திக்கிட்டு, இன்னும் மூணு லி நடப்பாங்களாம்."

ஒரு லி என்றால் அரைக் கிலோமீட்டர். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் சரியாக மூன்று லி! சின்லான் துள்ளினாள்.

"டாக்டர், அந்தக் காலுக்கும் குத்துங்க! போறதுக்கு மூணு, வர்றதுக்கு மூணு!"

யூ டாக்டர் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. ஃபாங் டாக்டர் மட்டும் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "மெதுவாத்தான்டா சரியாகும். ரெண்டு மருந்தும் வேளை தவறாம கொடு. வேற எது கொடுத்தாலும் எங்க ரெண்டு பேருக்கும் சொல்லிடு."

சின்லான் அப்படியே செய்தாள். கசப்புப் பொடியைச் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்குள் ஒளித்துக் கொடுத்தாள். தாங்யுவான் கிழங்கைத் தின்றுவிட்டுப் பொடியைத் துப்பும். அவள் மறுபடி ஒளிப்பாள்.

அம்மா வருவதற்கு முந்தின நாள், மருத்துவமனையில் தாங்யுவான் தள்ளாடியபடி எழுந்து நின்றது.

"பலே! நாலு எட்டு நடக்கலாம்," என்றார் ஃபாங் டாக்டர். "அதுக்கு மேல வேண்டாம்."

நாலு எட்டா? சின்லானுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அவன் வீட்டிலேயே இருக்கட்டும்," என்றார் அப்பா. "அம்மா இங்கே வந்து பார்த்துக்கட்டும்."

மறுநாள் காலை மலைப்பாதையில் ஏதோ ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. தாங்யுவான் காதை நிமிர்த்தி வாசலையே பார்த்தது. 'எனக்கு இருக்கிற ஏக்கம்தானே இவனுக்கும்?' என்று நினைத்தாள் சின்லான்.

"அப்பா, உங்க முதுகுக்கூடை எங்கே?"

"அதுல முட்டைக்கோஸ் இருக்கு."

"கோஸ் வீட்டிலேயே இருக்கட்டும்!"

கூடைக்குள் பழைய மெத்தையை விரித்து, தாங்யுவானை உட்கார வைத்தாள். அப்பா சுமந்தார். பக்கத்திலேயே சின்லான் ஒரு துண்டோடு நடந்தாள்.

பேருந்து வந்து நின்றது. மூட்டைகளோடு இறங்கிய அம்மா முதலில் தரையைத்தான் பார்த்தாள். அங்கே வெள்ளையாக எதுவும் இல்லை. அவள் முகம் வாடியது.

"அம்மா! அங்கேயே நில்லு! வராதே!"

ஓடி வரக் கிளம்பிய அம்மா திகைத்து நின்றாள். அப்பா கூடையை இறக்கினார். சின்லான் தாங்யுவானைத் தரையில் விட்டு, துண்டை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள்.

ஓர் எட்டு. பின்னங்கால் இடறியது. இன்னோர் எட்டு. ஒரே ஓட்டமாக ஓடி அம்மாவைக் கட்டிக்கொள்ளச் சின்லானின் கால்கள் துடித்தன. ஆனாலும் அவள் நாயோடு சேர்ந்து மெல்ல மெல்லத்தான் நடந்தாள்.

அம்மாவின் செருப்பை மூக்கு தொட்டது. அம்மா மண்டியிட்டாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண்ணில் நீர் தளும்பியது. அப்போது, இத்தனை நாள் தொங்கிக் கிடந்த வால் மெல்ல இந்தப் பக்கம் ஆடியது; பிறகு அந்தப் பக்கம்.

"அடடே, வால் முழிச்சுக்கிச்சு!" என்றாள் அம்மா.

அதற்கப்புறம்தான் சின்லான் துண்டை விட்டுவிட்டு, அம்மாவின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டாள்.

வீடு திரும்பும் மூன்று லி தூரமும் கூடையை அம்மாதான் சுமந்தாள்.