கட் சொன்ன பிறகும் ஒரு பிணம்

"கட்!"

இருநூறு பிணங்கள் எழுந்து உட்கார்ந்தன.

சில பிணங்கள் கொட்டாவி விட்டன. சில பிணங்கள் டீ எங்கே என்று கேட்டன. ஒரு பிணம் செல்போனை எடுத்து மனைவியிடம் திட்டு வாங்க ஆரம்பித்தது.

ஒரே ஒரு பிணம் மட்டும் எழுந்திருக்கவில்லை.

பதுங்குகுழியின் கடைசி மூலை. மணல் மூட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தது அது.

யாரும் கவலைப்படவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான்! பிணமாக நடிக்கப் படுத்தால் நிஜமாகவே தூங்கிவிடுவார். இதுவரை பதினோரு படங்களில் செத்திருக்கிறார். யூனிட்டில் அவருக்குப் பெயரே 'பொணம் அண்ணே' தான்.

மேக்கப் அக்கா ஈரத்துணியோடு குழிக்குள் இறங்கினாள்.

"அண்ணே, எந்திரிங்க. டீ வந்தாச்சு. மூஞ்சியத் துடைச்சு விடறேன்."

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே...! யாரு உங்க சட்டையில இவ்வளவு ரத்தத்தைக் கொட்டினது? நான் காதோரம் மட்டும்தானே வச்சேன்?"

மார்பில் கை வைத்தாள். எடுத்தாள். விரல்களைப் பார்த்தாள்.

பதினைந்து வருடமாகப் பொய் ரத்தம் காய்ச்சுகிறவள் அவள். சர்க்கரைப் பாகு, சிவப்புச் சாயம், ஒரு சிட்டிகை காபித்தூள். எத்தனை மணி நேரம் ஆனாலும் பளபளவென்று மின்னும்.

இது மின்னவில்லை.

ஓரங்களில் பழுப்பேறி உறைந்து போயிருந்தது.

"ஐயோ...! இது என் ரத்தம் இல்ல!"

அவள் அலறிய அலறலில் டீ கிளாஸ்கள் கவிழ்ந்தன.

மானிட்டருக்குப் பின்னால் இருந்து டைரக்டரின் குரல் மைக்கில் வந்தது.

"பிரமாதம்! அந்த அலறலை யாராவது ரெக்கார்ட் பண்ணீங்களா?"

* * *

இருபத்தைந்து நிமிடத்தில் ஜீப் வந்தது.

இறங்கிய பெண் இன்ஸ்பெக்டருக்கு நாற்பது வயது. சினிமா பார்க்கும் வழக்கம் இல்லை. கூட வந்த ஏட்டுக்கு அதைத் தவிர வேறு வழக்கமே இல்லை.

"மேடம்... அதோ ஹீரோ! புயல்! ஒரே ஒரு செல்ஃபி..."

"முதல்ல பொணத்தைப் பாரும்யா."

பார்த்தார்கள். இடது மார்பில் ஒரே குத்து. ஆழமான குத்து. ஆயுதத்தைக் காணவில்லை.

தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குச் சம்பந்தமே இல்லாமல் கழுத்தில் ஒரு மஃப்ளர் என்று ஓர் உருவம் முன்னால் வந்தது.

"நீங்கதான் டைரக்டரா?"

"இந்த யுத்தத்தோட தளபதின்னு சொல்லலாம்."

"யுத்தத்துக்கெல்லாம் போயிருக்கீங்களா?"

"மனசால..."

"மனசால போனா குண்டு படாது, நல்லதுதான். என்ன படம் இது?"

டைரக்டர் ஒரு கையை நெஞ்சில் வைத்து, மறு கையை நீட்டினார்.

அங்கே மடக்கு நாற்காலியில், முதுகு வளையாமல், வெள்ளை மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற மேஜர். முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு குன்றின் உச்சியில், கூட இருந்தவர்கள் எல்லோரும் விழுந்த பிறகு, தன்னந்தனியாக ஒரு பகல் முழுக்க எதிரியைத் தடுத்து நின்றவர். பதக்கம் வாங்கியவர். அவர் கதைதான் படம்.

"மாவீரர் மேடம்! அவரைப் பாக்கறப்போ எல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும்."

"அந்தக் கறுப்புக் கண்ணாடியில எனக்கு எப்படிங்க தெரியும்? செத்தவர் யாரு?"

"யாரோ ஒரு துணை நடிகர். பொணமா வர்றவர். உங்களுக்கு வேணும்னா வேற ஆள் போட்டுக்கலாம்."

இன்ஸ்பெக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு வேணாம். இவரே போதும். கடைசி ஷாட்ல என்ன நடந்துச்சு?"

"குண்டு வெடிக்கும். மூணு நிமிஷம் முழுக்கப் புகை. புகைக்குள்ள ஹீரோ மட்டும் குழியோரமா கத்தியோட ஓடி வருவார்."

"புகைக்குள்ள ஹீரோ மட்டுமா?"

"ஹீரோ மட்டும்!"

* * *

புயலின் கேரவனில் ஏசி குளிர்ந்தது. புயல் நாலு தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தது. சுவரில் அவருடைய போஸ்டர். போஸ்டரில் அவர் இரண்டு கையிலும் பீரங்கி வைத்திருந்தார்.

"சார், புகைக்குள்ள ஓடினது நீங்கதானா?"

"பின்ன? நான் டூப் போட மாட்டேன். நிஜ குண்டு, நிஜ ஓட்டம். நாளைக்குப் பேப்பர்ல கூட அப்படித்தான் வரும்."

"ரொம்ப நல்லது. ஏட்டு, விலங்கை எடும்."

புயல் சட்டென்று கரையைக் கடந்தது.

"எ... என்ன மேடம்?"

"மூணு நிமிஷம் புகை. உள்ள கத்தியோட ஒரே ஆள். பக்கத்துல கத்திக்குத்து பட்ட பொணம். எனக்குக் கணக்குல நூத்துக்கு முப்பத்தெட்டுதான். ஆனா இதுகூடவா போட வராது?"

"மேடம்... மேடம்... அது நான் இல்ல! டூப்பு!"

"இப்பதானே போட மாட்டேன்னீங்க?"

"அது பேட்டிக்கு!" புயல் ஒரு தலையணையை இழுத்துக் கட்டிக்கொண்டது. "எனக்கு வெடிச் சத்தம்னா ஆகாது. சின்ன வயசுலேர்ந்தே. காதுல பஞ்சு வச்சிக்கிட்டு, தலையணைய மேல போட்டுக்கிட்டு இங்கதான் படுத்திருந்தேன். அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க... போன்ல கூடவே பேசிட்டு இருந்தாங்க..."

ஏட்டு செல்போனைச் சத்தமில்லாமல் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார். செல்ஃபி ஆசை செத்துப் போயிருந்தது.

வெளியே மேக்கப் அக்கா நின்றிருந்தாள். அழுது அழுது கண்மை கன்னம் வரை இறங்கியிருந்தது.

"மேடம், ஹீரோவையும் டூப்பையும் விட்டுடுங்க. அவங்க இல்ல. புகை வர்றதுக்கு முன்னாடியே அண்ணன் போயிட்டார்."

"நீ டாக்டராம்மா?"

"ரத்தம்னா எனக்குத் தெரியும் மேடம். நான் தொட்டப்போ ஓரமெல்லாம் காஞ்சு போயிருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல அப்படிக் காயாது. இன்னொண்ணு... வெடி வெடிச்சப்போ விழுந்த மண்ணு, காஞ்ச ரத்தத்துக்கு மேல பவுடர் மாதிரி உக்காந்திருக்கு. ஈரத்துல விழுந்திருந்தா சேறாகியிருக்கும்ல?"

இன்ஸ்பெக்டர் அவளை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தாள்.

"ஏட்டு, உமக்குப் பதிலா இந்தம்மாவை வேலைக்கு எடுத்திருக்கலாம்."

அதே நேரம், ஜீப்பில் கூட வந்து, ஒரு மணல் மூட்டையைக் கிளறிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் கத்தினார்.

"மேடம்! ஆயுதம் கிடைச்சிடுச்சு!"

துப்பாக்கி முனையில் செருகும் நீளமான ஈட்டிக்கத்தி. படத்தில் உள்ள மற்றதெல்லாம் ரப்பர். இது இரும்பு. பிடியில் யாருடைய பெயரின் முதலெழுத்துகளோ மூன்று செதுக்கப்பட்டிருந்தன.

டைரக்டர் எட்டிப் பார்த்தார். மூச்சை உள்ளே இழுத்தார். சத்தமாக!

"கடவுளே...! இது மேஜரோடது!"

* * *

எல்லோரும் திரும்பினார்கள்.

மேஜர் மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்தார். மெதுவாக நடந்து வந்தார். கத்தியைப் பார்த்தார். துணி போர்த்திய உடலைப் பார்த்தார்.

அதுவரை வளையாத முதுகு வளைந்தது.

"நான்தான்மா அவனைக் கொன்னுட்டேன்."

டைரக்டர் ஒரே தாவாகத் தாவினார்.

"கேட்டீங்களா மேடம்? ஒத்துக்கிட்டார்! அவர் வாயாலேயே! யாராவது ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாடி மாவீரர்னீங்களே?"

"கலைஞன் ஏமாந்துட்டான் மேடம்..."

"நீங்க சும்மா இருங்க. மேஜர் சார், எங்க குத்தினீங்க?"

மேஜர் விழித்தார்.

"குத்தினேனா? நான் எங்கம்மா குத்தினேன்? நான் இவனை இன்னைக்கு மத்தியானம் இங்க இருக்கச் சொன்னேன். அதனாலதான் செத்தான்."

"புரியும்படி சொல்லுங்க."

அவர் அப்படியே மணல் மூட்டை மேல் உட்கார்ந்தார்.

"குன்று மேல ஒரு பகல் முழுக்க நின்னது நான் இல்ல. முதல் குண்டு வெடிச்சதுமே நான் ஓடினேன். ஓடி, பாறையில விழுந்து, காலை ஒடிச்சுக்கிட்டேன். நின்னது இவன். என் கம்பெனியில சாதாரண சிப்பாய். சாயந்திரம் என்னை முதுகுல தூக்கிட்டுக் கீழ இறங்கி வந்ததும் இவன்தான்."

இன்ஸ்பெக்டர் அவர் சட்டையில் மின்னியதைப் பார்த்தாள்.

"பதக்கம்?"

"எனக்குக் கொடுத்தாங்க. வேணாம்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. அங்கேயே இல்லாத தைரியம் அப்புறம் எங்கேர்ந்து வரும்?"

மேக்கப் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். தினமும் காலையில் அவள் முன்னால் உட்கார்ந்து, 'இன்னைக்கு எங்கம்மா குண்டு?' என்று சிரித்துக்கொண்டே கேட்கிற மனிதர். ஒரு தடவைகூட... ஒரே ஒரு தடவைகூட, தனக்குக் குண்டுச் சத்தம் பழக்கம் என்று சொன்னதில்லை!

"போன மாசம் இவனை இந்தக் குழிக்குள்ள பாத்தேன்மா. என் கதையில, எனக்குப் பின்னாடி, பொணமா படுத்திருந்தான். அன்னையிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. இன்னைக்கு மத்தியானம் பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அவங்க முன்னாடி இவனை நிறுத்தி உண்மையைச் சொல்லிடறேன்னு நேத்து முடிவு பண்ணேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இவனைத் தவிர ஒரே ஒருத்தர்கிட்ட."

மேஜர் கையை உயர்த்தினார்.

விரல் மஃப்ளரை நோக்கி நின்றது.

"அபாண்டம்!" டைரக்டர் குதித்தார். "கத்தி அவரோடது!"

"அது அவரோடதுதான்," என்றாள் மேக்கப் அக்கா. "ஆனா ரெண்டு மாசமா உங்க மேஜை மேலதானே சார் இருக்கு? தினமும் ஷாட்டுக்கு முன்னாடி அதுக்கு முத்தம் கொடுப்பீங்களே!"

"யார் வேணா எடுத்திருக்கலாம்!"

"மேடம், இதைப் பாருங்க." அவள் செல்போனை நீட்டினாள். "ஒவ்வொரு ஷாட்டுக்கும் மேக்கப் மாறாம இருக்கணும்னு நான் போட்டோ எடுத்து வச்சுப்பேன். இது ஒன்பது இருபது. அண்ணன் தூங்கறார். காதோரம் மட்டும்தான் ரத்தம். சட்டை சுத்தமா இருக்கு. அப்புறம் டைரக்டர் சார் எல்லாரையும் வெளிய அனுப்பினார். 'போர்க்களத்தோட நான் தனியா பேசணும்'னு சொன்னார். அண்ணனை மட்டும் எழுப்ப வேணாம்னுட்டார்."

"எவ்வளவு நேரம் பேசினார்?"

"பத்து நிமிஷம். மேல வந்ததும், 'அந்த மூலை கவிதை மாதிரி அமைஞ்சிருக்கு, யாரும் கிட்ட போகக் கூடாது'ன்னார். நான் மேலேர்ந்தே இதை எடுத்தேன். பத்து மணி எட்டு நிமிஷம்."

இன்ஸ்பெக்டர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

மார்பில், உள்ளங்கை அளவுக்கு, கறுப்பாக ஒரு கறை.

"வேற யாரையோ வச்சு எக்ஸ்ட்ரா ரத்தம் போட்டுட்டார்னு கோவம்தான் வந்துச்சு மேடம். அப்பவே இறங்கிப் பாத்திருக்கணும்... பாவி நான்..."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கண்களில் ஒரு பொட்டுக் கலக்கம் இல்லை.

"அஞ்சு வருஷ உழைப்பு! ஓடிப்போனவனைப் பத்தி எவன் படம் பாப்பான்? மேஜர் மட்டும் சொன்னா எவனும் நம்ப மாட்டான்; கூட அந்தப் பொணமும் மத்தியானம் வாயைத் திறந்தா ஊரே என்னைப் பாத்துச் சிரிப்பாய்ச் சிரிச்சிருக்கும். ஒரு துணை நடிகருக்காக என் காவியத்தை விடச் சொல்றீங்களா? தூங்கிட்டு இருந்தவர்... அவருக்கு வலிச்சிருக்கவே வலிச்சிருக்காது!"

ஏட்டு விலங்கை எடுத்தார். இந்த முறை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அவரு எங்க சார் வாயைத் திறக்கப் போறாரு?" மேக்கப் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலையில மேக்கப் போடறப்போ என்கிட்ட சொன்னார். 'மேஜர் ஏதோ கூத்துப் பண்ணப் போறாராம்மா. எனக்கு அதெல்லாம் வேணாம். இந்த ஒரு ஷாட் முடிஞ்சதும் ஊருக்குப் போயிடறேன். ஆள் இல்லேன்னா அவரும் விட்டுடுவார், இவங்க படமும் நல்லபடியா முடியட்டும்'னார். பஸ் டிக்கெட் அவர் பையிலதான் இருக்கு. ஒண்ணரை மணி பஸ்."

டைரக்டரின் வாய் திறந்தது. மூட மறந்து போனது.

"அப்... அப்போ... நான் சும்மா இருந்திருந்தாலே..."

"படம் முடிஞ்சிருக்கும். நீங்க முடிச்சது அவரை," என்றாள் இன்ஸ்பெக்டர்.

வாசலில் வேன்கள் வந்து நின்றன. பத்திரிகைக்காரர்கள் கேமராக்களோடு குதித்தார்கள். மேஜர் எழுந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பதக்கத்தைச் சட்டையிலிருந்து பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களை நோக்கி நடந்தார். இந்த முறை ஓடவில்லை.

டைரக்டர் கேமராக்களைப் பார்த்தார். விலங்கு மாட்டிய கையால் மஃப்ளரைச் சரிசெய்தார்.

"மேடம்... ஜீப்புக்கு அந்தப் பக்கமா சுத்திப் போகலாமா? முகத்துல வெளிச்சம் நல்லா விழும். எனக்குன்னு ரசிகர்கள் இருக்காங்க..."

இன்ஸ்பெக்டர் ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள்.

"ஏறுங்க சார். நாங்க கூட்டிட்டுப் போற ரூம்ல ஃபேனும் கிடையாது... ஃபேன்ஸும் கிடையாது!"