வெள்ளைக் கொன்ட்ரோலர்

தட்டும் சத்தம் பதிவில் இருந்தது, அறையில் இருக்கவில்லை.

உமாசுதன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காது கொடுத்தான். வெள்ளவத்தையில் விளக்கு வைக்கிற நேரத்தில் என்னென்ன கேட்குமோ அவ்வளவும் கேட்டன. மரைன் டிரைவில் முச்சக்கரவண்டிக்காரர்களின் ஹோர்ன், ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்துக்கொண்டு கடக்கிற ரயில், அதற்கும் அப்பால் வைகாசி மழைக்குக் கறுத்துப்போன கடல், மேல்வீட்டில் யாரோ தேங்காய் துருவுகிற சத்தம். சுவரில் தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை. ஹெட்போனை மாட்டிப் பதிவைத் திரும்ப ஓடவிட்டால், அவனுடைய குரலுக்கு அடியில், மேசையை ஒட்டியிருக்கிற சுவருக்குள்ளிருந்து வருவதுபோல அது துலக்கமாகக் கேட்டது. டொக், டொக், டொக்.

பகலில் அவன் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் கணக்கு வேலை பார்ப்பவன். அது சம்பளத்துக்கு. மரியாதைக்கு அவனிடம் ஒரு யூடியூப் சனல் இருந்தது. முடித்த வீடியோ கேம்களைப் பற்றித் தன் கருத்தைச் சொல்வான், அவ்வளவுதான் அதில் உள்ள விசயம். ஆனால் முடித்ததைப் பற்றி மட்டுந்தான். பாதியில் விட்டதைப் பற்றி வாயே திறக்கமாட்டான். "முடிக்காமல் கதைக்கிறது கோள் சொல்லுற மாதிரி" என்று ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சொல்வான். கனடாவிலும் லண்டனிலும் இருந்துகொண்டு அவனைக் கேட்கிற பிள்ளைகளுக்கு அந்த வசனம் பாடமாகிவிட்டது.

இன்றைக்கு இந்த வருடம் இதுவரை முடித்தவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "பனிமலைக் கிராமங்களுக்குத் தபால் கொண்டுபோற கேம். தொடக்கத்தில நடை, நடை, வெறும் நடைதான். சலிச்சுப்போகும். ஆனா விட்டிடாதேங்கோ. கடைசிக் கடிதம் ஆருக்கெண்டு தெரியேக்க உங்களுக்குக் கண் கலங்கும்." நன்றாகத்தான் வந்தது. "அடுத்தது பேய் வீட்டுக் கேம். நல்லாப் பயப்படுத்திப்போட்டு, கடைசியில பேய் ஏன் வந்ததெண்டு இருந்து விளங்கப்படுத்துறாங்கள். பேயென்ன வழக்காடவே வந்தது?" அந்தச் சிரிப்புக்குக் கீழேதான் முதல் தட்டு விழுந்திருந்தது.

அம்மாவாக இருக்கும் என்று எழுந்து போனான்.

பக்கத்து அறையில் ஜெகதீஸ்வரி கட்டிலில் சாய்ந்திருந்தார், கண்ணை மூடி, கைகளை மடியில் வைத்து. காதில் பெரிய ஹெட்போன். அவர் கேட்கிற தேவாரம் தன் பதிவில் விழக்கூடாதென்று மகன் வாங்கிக்கொடுத்தது. வெளிச்சத்தம் ஒன்றையும் உள்ளே விடாத சாமான். அது தம்பி ஜனாவின் அறை, ஜனாவின் கட்டில். அவன் செத்துப்போன பிறகு அம்மா அங்கேதான் படுக்கிறார். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு ஒரு பக்கத்தைக் கழற்றினார்.

"அம்மா, சுவரில தட்டினனீங்களோ?"

"நானேன் தட்டப்போறன்? ஏதும் வேணுமெண்டா எழும்பி வருவன்தானே." பிறகு முகம் மாறியது. "அவனெல்லோ தட்டுறவன். மூச்சு முட்டிப் பம்ப் வேணுமெண்டாலும் தட்டு, பகிடிக்கும் தட்டு."

உமாசுதன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான்.

"அண்டைக்கு அவன் தட்டியிருந்தா உனக்குக் கேட்டிருக்குமெல்லோ, தம்பி?"

"ஹெட்போன் போட்டிருந்தனானம்மா. ஒண்டும் கேக்கேல்லை."

"ஓமோம். கேட்டிருந்தா நீ ஓடிப் போயிருப்பாய்." அவர் அவன் கையைத் தடவினார். "அந்தப் பம்பை எங்க வைச்சானெண்டுதான் எனக்கு இன்னும் விளங்கேல்லை. வீடு முழுக்கத் தேடிட்டன்."

சொல்லியிருக்கலாம். கதவும் பூட்டியிருக்கவில்லை, வாயும் பூட்டியிருக்கவில்லை. அம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். "படுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த ஹெட்போனைத் தானே அவருடைய காதில் சரியாகப் பொருத்திவிட்டு வந்தான்.

வாயில் வைத்து மருந்தடிக்கிற அந்தப் பம்ப் அவனுடைய மேசையின் இழுப்பு லாச்சியில் இருந்தது. பழைய வயர்களுக்குக் கீழே.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் இந்த அறையில்தான் விளையாடினார்கள். ஜனாவுக்குச் சின்னனிலிருந்து முட்டு வருத்தம். பம்பை மேசையில் மறந்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்ப் படுத்தான். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். உமாசுதன் உப்புக்கோட்டை என்கிற விளையாட்டின் கடைசிச் சண்டையைத் தொடங்கினான். ஹெட்போன் சத்தத்தைத் தடுக்கும். மேசை அதிர்வதைத் தடுக்காது. ஜனா சுவரில் தட்டியபோது கோப்பைக்குள் தேத்தண்ணி நடுங்கியதை அவன் கண்ணால் பார்த்தான். "பொறடா, முடியப்போகுது" என்றான். ஜனா திரும்பவும் தட்டினான். பம்ப் அவனுடைய முழங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. பிறகு தட்டு மெதுவாகியது. தம்பி கோவித்துக்கொண்டு படுத்துவிட்டான் என்று உமாசுதன் நினைத்தான், அல்லது அப்படி நினைக்க விரும்பினான். சண்டையில் வென்றான். பெயர்கள் ஓடுகிற கடைசிவரை இருந்து பார்த்தான், முடிப்பதென்றால் முழுவதும் முடிப்பது அவனுடைய கொள்கை என்பதால். அம்மா திருநீறோடு வந்து அந்தக் கதவைத் திறந்தபோதும் திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த விளையாட்டுக்கு அவன் பத்துக்கு ஒன்பது கொடுத்தான். "கடைசிச் சண்டையை நிப்பாட்டவே ஏலாது. தொடங்கினா ஆர் கூப்பிட்டாலும் எழும்ப ஏலாது. அதுதான் இதின்ர கெட்டித்தனம்." அவனுடைய பதிவுகளில் அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

இன்னொன்றும் இருந்தது.

ஜனா செத்து எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அம்மா அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தார். கணவாய்ப் பிரட்டல், கடை றோல்ஸ், சிவப்புச் சோடா. கடைசியில் அவனுடைய வெள்ளைக் கொன்ட்ரோலரையும் கொண்டுவந்து வாழையிலைக்குப் பக்கத்தில் வைத்தார். "பிள்ளை அது இல்லாமல் இருக்கமாட்டான்" என்றபோது யாரும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் பனையோலைக் கடகத்தில் வைத்து உமாசுதனிடம் கொடுத்த கனகசபாபதி மாமா, "கடற்கரையில வைச்சிட்டு வா. திரும்பிப் பாராதை. படைச்சதைத் திருப்பி எடுக்கிறேல்லை" என்றார். தண்டவாளத்தைக் கடந்து, கற்களுக்கு நடுவில் கடகத்தை வைத்துவிட்டு நடந்தான். தன்னுடைய கறுப்புக் கொன்ட்ரோலரின் ஸ்டிக் பழுதாகித் தானாக ஒரு பக்கம் இழுப்பது நினைவுக்கு வந்தது. ஜனாவினுடையது புதுசு. உப்புத் தண்ணியில் வீணாகத்தானே போகப்போகிறது?

திரும்பிப் பார்த்தான். திரும்பிப் போனான். எடுத்தான்.

இந்த வருடம் முடித்த அத்தனை விளையாட்டையும் அவன் முடித்தது அந்தக் கொன்ட்ரோலரைக் கொண்டுதான்.

மைக்கின் முன்னால் மீண்டும் உட்கார்ந்தபோது மழை தொடங்கியிருந்தது. வெளியே வெளிச்சம் வடிந்து அறை சாம்பல் நிறமாகியது. ஈரமான சுவரின் மணமும், எங்கிருந்தோ பொரித்த கணவாயின் மணமும் வந்தன. மேல்வீட்டுச் சமையலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பதிவைத் தொடங்கினான். "தோட்டம் செய்யிற கேம் ஒண்டு முடிச்சனான். வேலையால வந்து, திரும்பவும் வேலை. எனக்குச் சரிவரேல்லை." நிறுத்திக் கேட்டான். தட்டு இருந்தது. அதோடு, வசனத்துக்கும் வசனத்துக்கும் இடையில், மெல்லிய விசில்போல ஒரு மூச்சு. தன்னுடைய மூச்சாக இருக்கும் என்று வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு வெறும் அமைதியைப் பதிந்தான். அதிலும் இருந்தது. இழுத்து, நின்று, இழுத்து.

இனி அமைதியாக இருக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஏதாவது சத்தம் வேண்டும். பதிவை நிறுத்தக்கூட மறந்து, ஹெட்போனை மேசையில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி, மிச்சமிருந்த ஒரேயொரு விளையாட்டைத் திறந்தான்.

அது இரண்டு பேர் ஒரே விளக்கைத் தூக்கிக்கொண்டு குகைகளைக் கடக்கிற விளையாட்டு. ஆள் இல்லாவிட்டால் மற்றவரைக் கணினியே நடத்தும். ஜனாவும் அவனும் கடைசி வாசல்வரை வந்திருந்தார்கள். அதில் அவனுக்கு ஒரேயொரு குறை, அதைச் சனலில் சொல்ல வசனமும் யோசித்து வைத்திருந்தான்: "நிப்பாட்டினவன்தான் திருப்பித் தொடங்கலாம். என்ர தம்பி வேணுமெண்டு நிப்பாட்டிப்போட்டுக் கக்கூசுக்குப் போயிருந்திடுவான்." சொல்லிப் பார்த்தபோது தம்பி என்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது.

வெள்ளைக் கொன்ட்ரோலரை எடுத்தான். ஈரமாக இருந்தது. உள்ளங்கையை முகர்ந்தான். கடல்.

திரையில் இரண்டு உருவங்கள், நடுவில் விளக்கு. ஸ்டிக்கை முன்னே தள்ளினான். அது வலப்பக்கம் போனது. திரும்பத் தள்ளினான். அவனுடைய கட்டைவிரலுக்குக் கீழே அது எதிர்த்துத் தள்ளியது. மெதுவாக. விடாமல். பழுதான ஸ்டிக் அப்படி இழுக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

மேசையில் போட்டான்.

கொன்ட்ரோலர் அங்கே தனியாகக் கிடந்தது. ஸ்டிக் சாய்ந்தபடியே இருந்தது.

ஓர் உருவம் விளக்கை விட்டுவிட்டு நடந்தது. வாசலை நோக்கி அல்ல. குகையின் பக்கச் சுவரை நோக்கி. சுவரில் முட்டி நின்றது. கை ஓங்கியது.

டொக். டொக். டொக்.

ஸ்பீக்கரிலிருந்து அல்ல. மேசை அதிர்ந்தது. ஆறிப்போன தேத்தண்ணி கோப்பைக்குள் நடுங்கியது.

"ஜனா" என்றான். அன்றைக்குப் பிறகு அவன் உரக்கச் சொல்லாத பெயர். "தெரியாமல் செய்திட்டன்ரா."

உருவம் திரும்பியது. அதற்கு முகம் வரைந்திருக்கவில்லை.

"தெரிஞ்சுதான்" என்றான் உமாசுதன். அழுகை வந்தது. "தெரிஞ்சுதான் இருந்தனான். அம்மாட்டச் சொல்லுறன். இப்பவே போய்ச் சொல்லுறன்."

எழும்ப முயன்றான்.

வெள்ளைக் கொன்ட்ரோலரின் நடுப் பொத்தான் தானாகக் கீழே இறங்கியது. திரை மங்கியது. நடுவில் எழுத்துகள் வந்தன: ஆட்டத்தை நிறுத்தியவர், ஜனா.

மூச்சு வரவில்லை.

இழுத்தான். வரவில்லை. கால்கள் கதிரையை விட்டு எழவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ பூட்டிக்கொண்டது. ஓர் ஊசித்துளை அளவுக்குக் காற்று உள்ளே போய் விசிலடித்தது. அந்தச் சத்தத்தை அவன் கொஞ்சம் முன்புதான் கேட்டிருந்தான். பதிவில்.

லாச்சி. வயர்கள். பம்ப்.

வாயில் வைத்து அழுத்தினான். வெறும் உப்புத் தண்ணீர் நாக்கில் வந்தது. திரும்ப அழுத்தினான். உப்பு.

கொன்ட்ரோலரைப் பிடுங்கி, இருந்த எல்லாப் பொத்தானையும் அழுத்தினான். திரை அசையவில்லை. நிறுத்தினவன்தான் தொடங்க வேண்டும்.

அம்மா என்று கூப்பிடக் குரல் இல்லை.

கை மட்டும் இருந்தது. சுவர் பக்கத்தில் இருந்தது. தட்டினான்.

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், அம்மா மெல்லிய குரலில் தேவாரத்தோடு சேர்ந்து பாடுவது கேட்டது. திரும்பத் தட்டினான். அம்மா பாடிக்கொண்டிருந்தார். கணினியின் ஓரத்தில் ஒலிப்பதிவுக் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, அவனுடைய ஒவ்வொரு தட்டுக்கும் துள்ளித் துள்ளி. தட்டுகள் மெதுவாகின. கோடு சிறுத்தது.

பிறகு அது தானாகத் துள்ளியது. மேசையில் கவிழ்ந்து கிடந்த ஹெட்போனுக்குள்ளிருந்து ஒரு குரல், அவசரமில்லாமல், விளையாட்டில் கண்ணை வைத்துக்கொண்டு சொல்கிற குரல்:

"பொறண்ணா. முடியப்போகுது."