பிழையைத் திருடியவர்

"ஐயா, எங்க வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டான். இல்லேன்னா திருடன் எங்க வீட்டுலயே இருக்கான். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி வெயிலில், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்த அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். மருந்துக் கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் தடுமாறாமல் படிக்கிறவள், பையிலிருந்து எடுத்ததை மேசையில் வைப்பதற்குள் இரண்டு முறை தடுமாறினாள். அது ஓர் அட்டைக் குழல். மூடியைச் சுற்றி நீல நாடா. உள்ளே ஒன்றுமில்லை.

நாற்காலியில் இருந்தவரை அந்த வட்டாரம் 'ஒற்று' என்றே கூப்பிடும். முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். விட்டுப்போன ஒற்றெழுத்தை எங்கிருந்தாலும் பிடித்துவிடுவார் என்பதால் வந்த பெயர். ஓய்வுக்குப் பிறகு அக்கம்பக்கத்தில் காணாமல் போனவற்றையும் கண்டுபிடித்துக் கொடுக்கத் தொடங்கியதும், ஒற்று என்றால் வேவு என்றும் பொருள் உண்டே என்று எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். வந்த கடிதத்தைக்கூடச் சிவப்புப் பென்சிலோடு படிக்கிற மனிதர். அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று கேட்டால், அது அவர் மனைவி பாடு, நமக்கெதற்கு?

பக்கத்தில் அந்த மனைவியின் தம்பி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் 'விசில்'. துப்பு என்றால் மனிதருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதற்குள் நோட்டைத் திறந்துவிட்டார்.

"நேத்து என் தங்கச்சிக்குப் பட்டமளிப்பு" என்றாள் வந்தவள், அந்த வீட்டின் அக்கா. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஒரு பரிசோதனைக் கூடத்துல வேலைக்குச் சேரணும். அசல் சான்றிதழ் கையில இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவோம்னு சொல்லிட்டாங்க. இன்னைக்கு வீட்டுல விருந்து. சொந்தக்காரங்க வர்றதுக்கு முன்னாடி, பதினோரு மணிக்கு, நாங்க அஞ்சு பேரும் மாடில போட்டோ எடுத்தோம். ஏறும்போது சான்றிதழ் குழலுக்குள்ள இருந்துச்சு. பதினொண்ணரைக்குப் பெரியம்மாகிட்ட காட்டலாம்னு திறந்தா, காலி."

"அஞ்சு பேர்னா?"

"நான், என் வீட்டுக்காரர், தம்பி, தங்கச்சி, அம்மா. அப்பா இல்ல. தப்பு என் மேலதான் ஐயா. பெருமைக்காகக் குழலை அலமாரி மேல வச்சதே நான்தான்."

"வேற ஏதாவது போச்சா?"

"குழலுக்குப் பக்கத்துலயே என் மோதிரம் இருந்துச்சு. அப்படியே இருக்கு."

ஒற்று நாடாவைப் பார்த்தார். பூப்போல அழகாக முடிச்சிட்டிருந்தது. திருட வந்தவன் பொறுமையாக முடிச்சுப் போட்டுவிட்டா போவான்?

"சான்றிதழைப் படம் எடுத்தீங்களா?"

"எடுத்து வீட்டு வாட்சாப்ல போட்டோம். எல்லாரும் நூறு தடவை பார்த்துட்டோம்" என்று கைபேசியை நீட்டிவிட்டு அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனாள். ஒற்று பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். விசில் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்: பெயர், பதிவெண், பிறந்த தேதி ஜூன் 17, இருபத்தொரு வருடத்துக்கு முந்தைய வருடம், துறை, முதல் வகுப்பு. திருடன் பெயர் மட்டும் அதில் இல்லையே என்று அவருக்கு வருத்தம்.

இருவரும் அவளோடு போனபோது, வீட்டுக் கூடத்தில் பலூன்கள் பாதி சுருங்கியிருந்தன. வாடகை நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. மூலையில் அம்மாவின் தையல் மெஷின், விருந்துக்காக மேலே துணி போர்த்தி மேசையாக்கப்பட்டு, அதன்மேல் பாதி வெட்டிய கேக். சொந்தக்காரர்கள் சாப்பிட்டு ஆறுதல் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். இரண்டையும் ஒரே வாயால் செய்துவிட்டுப் போனதாகக் கேள்வி.

அக்காவின் தம்பி லிப்ட் மெக்கானிக். அவன் அக்காவைப் பார்த்தே பேசினான். "கதவைத் தாழ்ப்பாள் போடாம வந்தவன் நான்தான்க்கா. நாம மாடில இருந்தப்போ எவனோ பூந்துட்டான். என்னைச் செருப்பால அடி."

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "மாடில வெளிச்சம் நல்லாருக்கும்னு நம்ம எல்லாரையும் இழுத்துட்டுப் போனது நான். என்னைத்தான் சொல்லணும்" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் என் தப்பும்மா. நீங்கள்லாம் போட்டோவுக்கு நின்னப்போ எவனோ வந்துட்டுப் போயிட்டான். பாவி நான்."

"அம்மா, வேலை போனா போகுது, நீ அழாதேயேன்" என்றாள் பட்டம் வாங்கிய கடைக்குட்டி.

தம்பி சூழ்நிலையை இலேசாக்க நினைத்தான். "தவிட்டுக்கு வாங்கின பிள்ளைக்குப் போய் இவ்வளவு அழுகையாம்மா?"

"வாயை மூடுடா!" என்று அம்மா கத்தியதில் விசிலின் பேனாவே நின்றுவிட்டது. "இன்னொரு தடவை அந்தப் பேச்சு இந்த வீட்டுல வந்துச்சு, நடக்கிறதே வேற!"

எல்லாரும் திகைத்துப் போனார்கள். இருபது வருடமாக அந்தக் கிண்டலுக்கு முதலில் சிரிப்பவளே அவள்தானாம்.

ஒற்று எதுவும் நடக்காதவர்போல, "பிள்ளைங்க மூணு பேருக்கும் பிறந்தநாள் என்னைக்கு?" என்றார்.

"இப்ப எதுக்குங்க அது?" என்றான் தம்பி.

"கேக் இருக்கிற வீட்டுல இதைத்தானே கேக்கணும்?"

அக்காவுக்கு ஜூன் பதினேழு. தம்பிக்கு டிசம்பர் இரண்டு. கடைக்குட்டிக்கு நவம்பர் ஒன்பது. விசில் எழுதிக்கொண்டே வந்தவர், பக்கத்தைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், பிறகு ஒற்றின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"அத்தான்! சான்றிதழ்ல இருக்கிறது மூத்தவளோட தேதி! தங்கச்சியோட காலேஜ் விண்ணப்பத்தை அவதான் நிரப்பியிருப்பா. கைப்பழக்கத்துல தன் தேதியைப் போட்டுட்டா. மாட்டிக்குவோம்னு ஒளிச்சுட்டு நம்மகிட்டயே வந்து அழுவுறா. என்னா நெஞ்சழுத்தம்!"

"பாதி சரி."

"எந்தப் பாதி?"

"தாளைத் திருடல, பிழையைத் திருடியிருக்காங்க. அது சரி. ஆனா தன் தேதியைப் பழக்கத்துல எழுதுறவ, வருஷத்தையும் தன்னோடதாத்தான் எழுதுவா. இங்க நாளும் மாசமும் பெரியவளோடது, வருஷம் சின்னவளோடது. ரெண்டு பேரையும் சேர்த்து மனசுல வச்சிருக்கிற ஆளுக்குத்தான் இப்படிக் கலந்து வரும்."

விசில் நோட்டில் எழுதியிருந்ததை அடித்தார்.

"இன்னும் ரெண்டு இருக்கு. மகனும் மருமகனும் என்ன சொன்னாங்க? 'நாம மாடில இருந்தப்போ', 'நம்ம எல்லாரையும்'. அந்தம்மா மட்டும் 'நீங்கள்லாம் நின்னப்போ'ன்னாங்க. கூட நின்னவங்களுக்கு அந்த வார்த்தை வாயில வராது. அப்புறம், இந்த வீட்டுல எல்லாரும் தப்பு தன் மேலன்னுதான் சொல்றாங்க. ஆனா ஏன்னும் சேர்த்துச் சொல்றாங்க. ஒருத்தங்க மட்டும்தான் காரணம் சொல்லாம அழுதாங்க."

விசிலுக்குத் துப்பு துலங்கிய சந்தோஷம் வரவேயில்லை. "வேணாம் அத்தான்" என்றார் மெல்ல. "வீட்டுலயே எங்கயோ கிடந்துச்சுன்னு சொல்லிடலாமே?"

"சொல்லலாம். நாளைக்கு அந்தப் பொண்ணு அதைக் கொண்டுபோய் நீட்டுவா. அடையாள அட்டையில ஒரு தேதி, இதுல ஒரு தேதி. அங்க அவமானப்படட்டுமா?"

கூடத்துக்குத் திரும்பியதும் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார். "போட்டோக்கள்ல கடைசியா எடுத்ததுல மட்டும்தான் அம்மா இருப்பாங்க. பார்த்துக்குங்க." கணவர் கைபேசியைத் தள்ளிப் பார்த்தார், தலை கவிழ்ந்துவிட்டது. "சான்றிதழ்ல பிறந்த தேதி தப்பா அச்சாயிருக்கு. நாலு வருஷத்துக்கு முன்னாடி விண்ணப்பத்தை யாரு எழுதினது?"

"அம்மாதான்" என்றாள் கடைக்குட்டி. "அது கடைசி நாள். எனக்கு டைபாய்டு. அக்கா வந்து எழுதித் தர்றேன்னு சொல்லியிருந்தா, பஸ் கிடைக்கல. ஏன்?"

அம்மா எழுந்துபோய்க் கேக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். போர்த்திய துணியை விலக்கித் தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்தாள். நூல்கண்டுகளுக்கு அடியில், சான்றிதழை மடிப்பு விழாமல் ஒரு துண்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"நேத்து மண்டபத்துலயே பார்த்துட்டேன்" என்றாள். "நீங்கள்லாம் பேரைப் பார்த்தீங்க. நான் தேதியைப் பார்த்தேன். நாளைக்கு விடிஞ்சதும் காலேஜுக்குப் போய், கால்ல விழுந்தாவது மாத்திக் கொண்டுவந்துடலாம்னு நினைச்சேன். உனக்குத் தெரியறதுக்குள்ள."

கடைக்குட்டி சான்றிதழை வாங்கித் தேதியைப் படித்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

"என் பிறந்தநாள் உனக்குத் தெரியும்தானேம்மா?"

"நவம்பர் ஒன்பது. மத்தியானம் ஒண்ணே கால். ரெண்டே முக்கால் கிலோ. அழவே இல்ல நீ, நர்ஸ் உள்ளங்கால்ல சுண்டினா. இடது கண்ணை மட்டும் திறந்து என்னைப் பார்த்தே." அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "தெரியாம எழுதலடி. நான் அஞ்சாவதோட நின்னவ. உங்கக்காவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ அந்த ஒரு ஃபாரத்தை நானே எழுதணும்னு பத்து நாள் எழுதி எழுதிப் பழகினேன். உங்க ரெண்டு பேருக்கும் அவ எழுதிட்டா. அன்னைக்குப் பேனாவைப் பிடிச்சதும் பயத்துல எனக்குத் தெரிஞ்ச தேதியைக் கை எழுதிடுச்சு. வருஷத்தை மட்டும் விரல் விட்டு எண்ணினேன். பெத்த பிள்ளையோட நாளை மறந்துட்டேன்னு நீ நினைச்சுடுவியோன்னு... ஒளிச்சுட்டேன். உன் வேலைக்கே உலை வைக்கிறேன்னு தெரிஞ்சும் ஒளிச்சுட்டேன்."

கடைக்குட்டி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். விசில் பலூன்களை எண்ணுவதுபோல மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறைச்சா மோசடி, காட்டினா பிழை" என்றார் ஒற்று. "நாளைக்கு இதையே கொண்டு போங்க. பள்ளிக்கூடச் சான்றிதழையும், காலேஜுக்கு எழுதின திருத்த விண்ணப்பத்தையும் சேர்த்து வச்சு, நீங்களே முதல்ல சொல்லிடுங்க. ஏத்துக்குவாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா கேக்கிற வாய்ப்பாவது இருக்கும்."

அப்போதுதான் அக்கா பேசினாள். இதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தவள்.

"அன்னைக்குப் பஸ் கிடைக்காம இல்ல." கணவர் சட்டென்று அவள் கையைத் தொட்டார், அவள் விலக்கிவிட்டாள். "கல்யாணமான புதுசு. ரெண்டு பேரும் சினிமாவுக்குப் போயிட்டோம். அம்மா எப்படியாவது எழுதிடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அம்மாவுக்கு எழுத வராதுன்னு தெரிஞ்சும் நினைச்சுக்கிட்டேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. "புடவையில சினிமா டிக்கெட் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. புதுசா கல்யாணமான பொண்ணு, போனா என்ன."

"நாலு வருஷமா சொல்லவே இல்லையேம்மா."

"சொல்லி என்ன ஆகப்போகுது?"

அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். திருடனைத் தேடி வெயிலில் ஓடியவள் அவள்தான். ஒற்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தான் கண்டுபிடிக்காத குற்றத்தைக் கேட்க நேர்ந்ததில் அவருக்கே கூச்சமாக இருந்தது.

கடைக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அலமாரியிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"எழுது."

"நானா?"

"வேற யாரு? அன்னைக்கு வர வேண்டியவ நீதானே. நாலு வருஷம் லேட்டு. இப்பவாவது எழுது."

குரலில் கோபம் இருந்தது. ஆனால் தங்கை நகர்ந்து போகவில்லை. அக்காவை ஒட்டியே உட்கார்ந்தாள். அக்கா திருத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினாள். பிறந்த தேதி வந்த இடத்தில் பேனா நின்றது. தங்கை எடுத்துச் சொல்லவில்லை, காத்திருந்தாள். நவம்பர் ஒன்பது என்று எழுதி முடித்ததும், கடைக்குட்டி தாளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள்.

"நீ பாரும்மா. நீ சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்."

அம்மா விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். வெகு நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்குடி" என்றாள்.

அதைக் கேட்ட பிறகும் அக்கா தலை நிமிரவில்லை.