முத்திரை குத்திய சட்டம்

பிள்ளைகள் ஏரித் தண்ணீரில் குதிப்பதற்கான மர மேடை மாலைக்குள் முடிந்தாக வேண்டும். விடிந்தால் நடுக்கோடை விழா. ஊரே கூடிக் கூலியில்லாமல் வேலை செய்தது. ஆணி எடுத்துக் கொடுப்பது பத்து வயது சில்யாவின் வேலை. மேஸ்திரி, பக்கத்து வீட்டு ரெய்யோ மாமா. பொறுமைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்.

மேடையைத் தாங்கும் மரச் சட்டங்களில் இரண்டு குறைந்தன. மிச்சமிருந்தது ஒரே ஒரு அகலச் சட்டம். மாமா அதை நீளவாக்கில் இரண்டாக அறுத்துவிட்டார்.

சில்யா குனிந்து பார்த்தாள். அறுத்த துண்டின் விளிம்பில், கிளை முளைத்த இடத்துக் கணு ஒன்று பெரிதாகத் தெரிந்தது. முதலில் குதிக்கப் போவது அவள் தம்பி ஓன்னி.

"மாமா, இது வேணாம். உடைஞ்சிடும்."

"பலமான மரம்னு சி24 தர முத்திரை இருக்கே, தெரியல?"

"அது முழுச் சட்டத்துக்குக் குத்தினது. அப்ப இந்தக் கணு நடுவுல இருந்துச்சு, ரெண்டு பக்கமும் நல்ல மரம். இப்ப விளிம்புக்கு வந்துடுச்சு. அறுத்தா மறுபடியும் தரம் பாக்கணும்."

சில்யாவின் அம்மா மர ஆலையில் தரம் பார்ப்பவர். கணு எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, மரத்தின் இழை நேராக ஓடுகிறதா என்றெல்லாம் பார்த்த பிறகே முத்திரை விழும்.

அம்மா ஆலைக்குப் போனால் மகளும் அதிகாரியா என்று மாமா கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள்.  ஆனாலும் சில்யா அந்தச் சட்டத்தின் மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதை ரெண்டு கல்லு மேல வச்சு, நீங்களே ஏறிக் குதிங்க. உடையலைன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

பிடிவாதக்காரி என்று முணுமுணுத்தபடி மாமா கற்களை வைத்தார். எடை ஏறினால் அடிப்பக்கம்தான் முதலில் விரியும் என்பதால், சில்யா எழுந்து, கணு அடிப்பக்கம் வரும்படி சட்டத்தைத் திருப்பி வைத்தாள். காப்பிக் கோப்பையோடு ஏறிய மாமா, ஒரு குதிதான் குதித்தார். சடாரென்று சட்டம் கணுவில் முறிந்தது. மாமா புல்லில் உட்கார்ந்திருந்தார்.



"நல்லவேளை, காப்பி சிந்தல," என்றார் மாமா. பிறகு குரல் இறங்கியது. "இது தண்ணிக்கு மேல உடைஞ்சிருந்தா... சரி, இப்ப என்ன பண்ணலாம் சொல்லு."

சில்யா ஏற்கெனவே யோசித்திருந்தாள். இரண்டு சட்டம் குறைந்தால் மேடையின் அகலம் குறையும், அவ்வளவுதான். ஜோடியாகக் குதிக்காமல் ஒவ்வொருவராகக் குதிக்கலாம். அறுத்த துண்டுகள் நீராவிக் குளியல் அறையின் அடுப்புக்குப் போயின.

விழா நாளில் நீண்ட வரிசை. ஏன் இத்தனை ஒடுக்கமாகக் கட்டினீர்கள் என்று பிள்ளைகள் முனகினார்கள். சில்யாவோ கரையோரமாக இடுப்பளவு தண்ணீரில் நின்று மேடையின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓன்னி தடதடவென ஓடிவந்து, விளிம்பில் ஓங்கி மிதித்துக் குதித்தான். சட்டங்கள் கிறீச்சிடக்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் சில்யா கரையேறி, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.