மகாராஜாவின் தேர் ஒழுகுகிறது

பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி ஆன்ட்டி வெள்ளை மாவில் மட்டும்தான் கோலம் போடுவார். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை, அவருடைய கோலத்தின் ஓரத்தில் சிவப்புப் புள்ளிகளும் பச்சைப் புள்ளிகளும் இருந்தன.

ஜெரூஷா குனிந்து பார்த்தாள். சொட்! இன்னொரு சிவப்புப் புள்ளி விழுந்தது. அது அவர்கள் வீட்டுக் காரின் மூக்கிலிருந்து விழுந்தது.

“அப்பா! நம்ம கார் ஆன்ட்டி கோலத்துக்குக் கலர் அடிக்குது!”

அப்பா எட்மண்ட் அப்போதுதான் காரில் போய் மீன் வாங்கி வந்திருந்தார். மீன் பையோடு ஓடி வந்து பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார். மீன் பையும் சேர்ந்து எட்டிப் பார்த்தது.

“முதல்ல அந்தப் பையை இங்க குடுங்க. இறாலை உள்ளே போட்டுடப் போறீங்க,” என்று அம்மா வாங்கிக்கொண்டு போனார்.

அந்தக் கார் ஜெரூஷாவைவிட வயதில் மூத்தது. அதில் கியர் தானாகவே மாறும். அதற்காக உள்ளே சிவப்பு எண்ணெய் ஓடும். என்ஜின் சூடாகாமல் இருக்க ரேடியேட்டரில் பச்சைத் தண்ணீர் ஓடும். இரண்டும் அதனதன் குழாயில் ஓடும்வரை கவலை இல்லை. இப்போது இரண்டும் தெருவுக்கு வந்துவிட்டன.

அப்பா மெக்கானிக் ஆனந்தனுக்குப் போன் செய்தார்.

“சார், நான் சிங்கப்பெருமாள் கோவில்ல கீறேன். மச்சான் வூட்டுல காது குத்து. திங்கக்கெழம சாயங்காலந்தான் வருவேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, கியர் பூடும். சூடா கீறப்ப ரேடியேட்டர் மூடிய மட்டும் தொறந்துடாதீங்க சார்!”

திங்கட்கிழமை சாயங்காலமா? ஜெரூஷா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். திங்கட்கிழமை காலையில்தானே பள்ளியில் நாடகம்!

நாடகத்தில் ராஜா வேஷம் ஷர்மிளாவுக்கு. அவள் ஜோதிலட்சுமி ஆன்ட்டியின் மகள், ஜெரூஷாவின் உயிர்த்தோழி. போன மாதம் கோ-கோ விளையாடும்போது விழுந்து காலை முறித்துக்கொண்டாள். தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. முட்டியை மடக்கவே முடியாது. ஆட்டோவில் அந்தக் கால் நுழையாது. காரின் முன் சீட்டை நன்றாகப் பின்னால் தள்ளினால்தான் அவளால் காலை நீட்டி உட்கார முடியும்.

ஒரு நாள் டாக்ஸி கூப்பிட்டுப் பார்த்தார்கள். வருகிறேன் என்ற டாக்ஸிகள் ஒவ்வொன்றாக வராமலே போயின. அதற்குப் பிறகு செம்பாக்கத்திலிருந்து சேலையூர் பள்ளிவரை தினமும் அவளை அப்பாதான் கூட்டிப்போனார்.

நாடக மிஸ்ஸும் ராஜாவை மாற்றவில்லை. ‘போரில் காயம்பட்ட மகாராஜா’ என்று கதையைத்தான் மாற்றினார்.

முதலில் ஆன்ட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஜெரூஷாவுக்குத் தோன்றியது. பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“கோலத்தைக் கெடுத்துட்டோம் ஆன்ட்டி. சாரி.”

“அட, கோலம் நாளைக்கும் போடலாம் கண்ணு. வண்டிக்கு என்ன ஆச்சு?”

ஜெரூஷா சொன்னாள். ஜன்னல் ஓரம் அட்டைக் கிரீடத்தோடு வசனம் படித்துக்கொண்டிருந்த ஷர்மிளாவும் கேட்டாள். அவள் மெதுவாகக் கிரீடத்தைக் கழற்றினாள்.

“பரவால்ல ஜெரூ. நம்ம கிளாஸ் நித்யஸ்ரீக்கு என் டயலாக் எல்லாம் மனப்பாடம். அவளே பண்ணட்டும்,” என்றாள். ஆனால் கிரீடத்தைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

“கிரீடத்தைப் போடுடி. இன்னும் திங்கட்கிழமை வரல,” என்றாள் ஜெரூஷா.

அவள் திரும்பி வந்தபோது அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, சட்டைக் கையைச் சுருட்டி, போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். போனில் இருந்த ஆள் கண்ணை மூடித் திறப்பதற்குள் காரைச் சரிசெய்துவிட்டார். அப்பாவுக்குத் தைரியம் வந்துவிட்டது.

என்ஜின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தார். பிறகு முன்பக்கக் கிரில்லைக் கழற்றினார். ரேடியேட்டருக்கு முன்னால் சின்ன ஜன்னல்போல ஒன்று தெரிந்தது. “இதுதான் ஆயில் கூலர். கியர் எண்ணெய் இங்க வந்து காத்து வாங்கிட்டுப் போகும்,” என்றார்.

ரேடியேட்டரின் அடிப்பகுதியிலிருந்து சொட்டியது. எனவே அப்பா அடிப்பகுதி முழுக்க ஓட்டை அடைக்கும் பசையைத் தடவினார். அது காய்ந்ததும் என்ஜினை ஓடவிட்டு நிறுத்தினார்.

சொட்.

அப்பா இன்னும் கொஞ்சம் பசையைத் தடவினார். ரேடியேட்டரைவிட அவருடைய மீசையில்தான் அதிகம் ஒட்டியது.

சொட். சொட்.

அப்பா கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டார். “எங்க பார்த்தாலும் ஈரமா இருக்கு. எங்கேருந்து வருதுன்னே தெரியலயே ஜெரூ. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

ஜெரூஷா தெருவைப் பார்த்தாள். வெறும் தார் ரோட்டில் கறுப்பு ஈரம்தான் தெரிந்தது. ஆனால் கோலத்தில் விழுந்த சொட்டுகள் சிவப்பு தனியாக, பச்சை தனியாகப் பளிச்சென்று தெரிந்தன.

“அப்பா, கீழ சொட்டுதுன்னா கீழதான் ஓட்டையா? மழைத் தண்ணி நம்ம வீட்டுச் சுவர்ல எங்கேயோ இறங்கி வேற எங்கேயோ சொட்டுமே!”

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாத்தையும் கழுவித் துடைச்சிட்டு, மேல கோலமாவு போட்டுப் பார்க்கலாம்பா. முதல்ல எங்க நனையுதோ அங்கதான் லீக்!”

சொல்லிவிட்டு ஓடினாள். ஜோதிலட்சுமி ஆன்ட்டி டப்பாவையே தூக்கிக் கொடுத்தார்.

“என் காலுக்கும் மாவு, உங்க காருக்கும் மாவா?” என்று ஷர்மிளா சிரித்தாள். கிரீடம் மறுபடி அவள் தலையில் இருந்தது.

அப்பா சோப்புத் தண்ணீரால் குழாய்களைக் கழுவித் துடைத்தார். யாரும் தெரியாமல் என்ஜினை ஓடவிடக் கூடாதே என்று கார் சாவியை அம்மாவிடம் கொடுத்தார். ஜெரூஷா அப்பாவின் பழைய கைக்குட்டையில் மாவை முடிந்து, பாப்பாவுக்குப் பவுடர் போடுவதுபோல ஒவ்வொரு குழாயிலும் தட்டினாள். பழைய கார் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல வெள்ளையாக நின்றது.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. ஃபேன் சுத்தும்,” என்று சொல்லிவிட்டு அப்பா சாவியை வாங்கி என்ஜினை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்தினார். எல்லாம் ஆறிய பிறகு, இருவரும் டார்ச்சோடு குனிந்தார்கள்.

“அதோ சிவப்பு!” ஆயில் கூலருக்குள் நுழையும் ரப்பர் குழாயில், துருப்பிடித்த கிளிப்புக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு இறங்கியிருந்தது.

“இதோ பச்சை!” ரேடியேட்டரின் மேல்குழாயில் மெல்லிய விரிசல் ஒன்று மாவை நனைத்திருந்தது.

அப்பா பசை தடவிய அடிப்பகுதியில் ஓட்டையே இல்லை.

“பசைக்கு வேலையே இல்ல,” என்று அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். அது விறைப்பாக இருந்தது.

ஸ்கூட்டரில் கேம்ப் ரோட்டுக் கடைக்குப் போய்ப் புதுக் குழாய்கள், கிளிப்புகள், சிவப்பு எண்ணெய், பச்சைத் தண்ணீர் எல்லாம் வாங்கி வந்தார். போனில் ஆனந்தன் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக மாட்டினார். ஜெரூஷா டார்ச் பிடித்தாள். பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது.

அப்பா எழுந்து, எண்ணெய்க் கையோடு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். “ரொம்ப தேங்க்ஸ்ம்மா. நீங்க கோலம் போடலன்னா எனக்கு ரெண்டு லீக் இருக்குன்னே தெரிஞ்சிருக்காது.”

ஜோதிலட்சுமி ஆன்ட்டி பதறிப்போனார். “ஐயோ அண்ணா, தினமும் என் பொண்ணை ஏத்திட்டுப் போறீங்க. நாங்க இல்ல சொல்லணும்!” அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காரிலேயே சர்ச்சுக்குப் போய்த் திரும்பினார்கள். வந்ததும் ஜெரூஷா காரின் மூக்குக்குக் கீழே மீதி மாவைத் தூவிவைத்தாள்.

திங்கட்கிழமை காலை எழுந்ததும் பல்கூட விளக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். மாவு வெள்ளையாகவே இருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை!

மகாராஜா முன் சீட்டில் காலை நீட்டிப் பள்ளிக்குப் போனார்.

மேடையில் ஷர்மிளா சிம்மாசனத்தில் கம்பீரமாக உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக் கால் ஒரு முக்காலியின்மேல் இருந்தது. சாமரம் வீசுபவளாகப் பக்கத்தில் ஜெரூஷா நின்றாள். எல்லோரும் வசனத்தை மறக்காமல் பேசினார்கள். கடைசியில் மகாராஜா தளபதிக்கு மாலை போட வேண்டும். ஆனால் மகாராஜா கையை உயர்த்தினார்.

“பொறு தளபதி! முதலில் நான் வேறு ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். போர்க்களத்தில் என் தேர் ஒழுகியது!”

நாடக மிஸ் திடுக்கிட்டுக் காகிதத்தைப் புரட்டினார். அப்படி ஒரு வசனமே அதில் இல்லை.

“அதைச் சரிசெய்து, காயம்பட்ட என்னைத் தினமும் சுமந்துவந்த தேரோட்டி எங்கே?”

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா தன்னை மறந்து எழுந்து நின்றுவிட்டார். மீசையில் இன்னும் கொஞ்சம் பசை இருந்தது. அரங்கமே கைதட்டியது.

“தேர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தவள் எங்கே?”

“இங்கேதான் இருக்கிறேன் அரசே!” என்று கத்தினாள் ஜெரூஷா.

மகாராஜா தளபதியின் மாலையை எடுத்து, சாமரம் வீசுபவளின் கழுத்தில் போட்டுவிட்டார்.