நான்காவது குரல்

மாதா கோயில் ஆர்கனுக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த இருமல் நின்றுவிட்டதை ரோசம்மாள் கவனித்தாள். அப்பாடா என்றிருந்தது.

நாளைக்கு ஆர்கன் பரீட்சை. 1957-இல் ஒரு முறை, போன வருஷம் ஒரு முறை தோற்றாயிற்று. இம்முறையும் போனால் கான்வென்டில் சங்கீத டீச்சர் வேலை கிடையாது. தடுக்கியது ஒரே ஒரு ஃபியூக், பல குரல்கள் பின்னிவரும் மேல்நாட்டு உருப்படி. அதில் ஒரு குரல் தனியாகக் கிளம்பும். அதே மெட்டை இன்னொரு குரல் பதிலாகச் சொல்லும். பிறகு மூன்றாவது, நான்காவது. பழைய காலத்தில் மாதா கோயில்களில் நான்கு பேர் நின்று பாடியதை இங்கே இரண்டே கைகள் வாசிக்க வேண்டும். நான்கு பேர் முன்பின்னாகத் தொடங்கி ஒன்றாய்க் கலக்கும் ஜெபம்போல அது அவளை இழுத்தது. ஆனால் நான்காவது குரல் நுழையும்போதெல்லாம் இடது சுண்டுவிரல் சறுக்கியது.

சற்று முன்புதான், ஆர்கனுக்குக் காற்றுத் துருத்தி அடிக்கும் மூக்கன் பின்னாலிருந்து எட்டிப் பார்த்திருந்தார். மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கித் தேய்ந்த உடம்பு.

"டீச்சர், ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு வந்துடறேங்க. நெஞ்ச அடைக்குது."

"இதோட பதினேழு தடவை கெட்டுப்போச்சு. முடிச்சுட்டுப் போங்களேன்!"

"கெடுக்கறது சுண்டுவிரலு, திட்டு மூக்கனுக்கா?" என்று சிரித்தபடி திரும்பிப் போனார்.

தண்ணீர்க் கூஜா அவள் காலடியில்தான் இருந்தது.

மறுபடி தொடங்கினாள். மலைக்கோட்டைப் பக்கத்து பஸ் இரைச்சல் அடங்க, வண்ணக் கண்ணாடியில் சாயங்கால வெளிச்சம் மங்க, மெழுகும் வௌவால் எச்சமும் கலந்த வாடை கனத்து இறங்க, முதல் குரல், இரண்டாவது, மூன்றாவது என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சுண்டுவிரல் சறுக்கியது.

ஆனாலும் நான்காவது குரல் நுழைந்தது. பிசிறில்லாமல். அவள் தொடாத கட்டைகள் தாமாக அமிழ்ந்தன.

கைகளை எடுத்தாள். அது நிற்கவில்லை.

"மூக்கண்ணே?"

பின்னால் ஓடினாள். மூக்கன் தரையில் கிடந்தார். வாய் திறந்திருந்தது. உதடுகள் காய்ந்திருந்தன. துருத்திப் பிடி மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"கோவத்துல சொல்லிட்டேங்க. எந்திரிங்க. தண்ணி கொண்டாறேன்." மார்பில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது.

ஆர்கனில் முதல் குரல் தனியாக எழுந்தது. நின்றது. பதிலுக்குக் காத்திருந்தது. மறுபடி எழுந்தது.

அவள் விரல்கள் அசைந்தன. வேண்டாம் என்றாள். அசைந்தன. அந்த நெஞ்சின்மேல், கட்டைகளை அழுத்துவதுபோல எலும்பு எலும்பாக, ஒன்றுகூடத் தவறாமல் அமிழ்ந்தன.

மூக்கனின் திறந்த வாயிலிருந்து இரண்டாவது குரல் வந்தது.