மறுபக்கத்து மின்சாரம்

அக்டோபர் 21, செவ்வாய். இன்று ஒப்புக்கொள்ளும் தவறு: நான்காம் வளையத்தின் வரைபடத்தில் ஐந்து நாள் முந்தைய தேதியைப் போட்டேன். சிறிய தவறுதான்.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். நாட்குறிப்பில் ‘சிறிய’ என்ற சொல்லின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. அவளிடம் சிவப்புப் பென்சிலே கிடையாது.

விரலால் தேய்த்துப் பார்த்தாள். மெழுகு போல ஒட்டியது. பழைய பக்கத்திலிருந்து படிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பழைய பக்கங்களைப் புரட்டியும் பார்த்தாள். எதிலும் சிவப்பு இல்லை.

பகலில் மின் பகிர்மான அலுவலகத்தில் வரைவாளர் வேலை, மாலையில் பொறியியல் வகுப்பு என்று இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருப்பவள் அவள். தினமும் ஒரு தவறை எழுத வேண்டும், அதன் கீழே மறுநாள் வேலையை எழுத வேண்டும் என்பது தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். வரைந்ததைவிட அழித்தது அதிகம் என்பதால் அலுவலகத்தில் எல்லோரும் அவளை ‘ரப்பர்’ என்றே கூப்பிட்டார்கள். அதற்கும் அவள் சிரித்துக்கொள்வாள்.

இன்று புயலுக்காக அலுவலகத்தை மதியமே விட்டிருந்தார்கள், வகுப்பையும் ரத்து செய்திருந்தார்கள். மணி நாலரைதான் ஆகியிருந்தது, ஆனால் வானம் கரி பூசிய சட்டி மாதிரி கவிழ்ந்து கிடந்தது. மாடிவீட்டின் சுவரில் மேலிருந்து கீழாக ஈரம் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிப்படிக்கட்டின் தகரக் கூரையில் மழை விழும் சத்தத்தில் சுவர்க் கடிகாரத்தின் ஓசைகூடக் கேட்கவில்லை. அந்த இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம், மெதுவாக, ஒரே இடைவெளி விட்டு, யாரோ இரும்புக் கொக்கியை ஒன்றில் குத்திக் குத்தி ஏறுவது போலக் கேட்டது.

டக். சற்றுப் பொறுத்து, டக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கம்பம் ஏறுகிறவர்கள் காலில் மாட்டும் கொக்கி அது.

போன வருடப் புயலில் ஊர் ஒன்பது நாள் இருட்டில் கிடந்தது. இனி வரப்போகும் புயல்கள் அதைவிட மோசம் என்று கணக்குகள் சொன்னதால் துணை மின்நிலையத்தை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தினார்கள். கம்பங்களை நெருக்கி நட்டார்கள். ஒரே முனையிலிருந்து மின்சாரம் வாங்கிய கம்பிகளை வளையங்களாக இணைத்தார்கள். வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தால், ஏழு நிமிடம் பொறுத்து, மறுபக்கத்திலிருந்து மின்சாரம் தானாகவே வந்து சேரும். யாரும் போய் சுவிட்சைப் போட வேண்டியதில்லை. நான்காம் வளையத்தை வரைந்தவள் அவள்தான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கம்பம் ஏறுகிறவர்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. எந்த சுவிட்சை அணைக்கிறார்களோ, தங்கள் கொட்டகைச் சுவரில் ஒட்டிய வரைபடத்தில் அதன்மேல் சிவப்புப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவார்கள். பிறகு அந்த சுவிட்சில் தங்கள் சொந்தப் பித்தளைப் பூட்டை மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுவார்கள். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். பெரிய அதிகாரியே வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது.

அக்டோபர் இரண்டாம் தேதி, முதல் காற்றில், நான்காம் வளையத்தின் மேல் ஒரு மரக்கிளை விழுந்தது. வெட்டப் போனவனுக்கு அலுவலகத்தில் ‘பல்லி’ என்று பெயர். “பல்லி என்னிக்காவது விழுந்து பாத்திருக்கீங்களா சார்? கால்லயே பசை இருக்கு” என்று எல்லோரையும் சிரிக்கவைப்பவன். அவன் சுவிட்சை அணைத்தான். பூட்டினான். சிவப்புக் குறி போட்டான். கம்பியைச் சோதித்தான், உயிர் இல்லை. ஏறினான். ஏழாவது நிமிடம் மறுபக்கத்திலிருந்து மின்சாரம் வந்தது.

கொட்டகைச் சுவரில் இருந்தது பழைய வரைபடம். மறுபக்கம் என்று ஒன்று இருப்பதைக் காட்டும் புதியது, ஐந்து நாளாக அவள் மேசைத் தட்டில் கிடந்தது. எழுத்துகள் நேராக வரவில்லை என்று அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏய் ரப்பர், உண்மைய எழுதினா உன் வேலையும் போகும், என் வேலையும் போகும். செத்தவனுக்கு இனிமே போறதுக்கு என்ன இருக்கு?” என்றார் அலுவலகப் பொறியாளர். பழைய தேதி போட்டு, கொட்டகையில் ஆளில்லாத நேரம் பார்த்து, புதிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டியது அவள் கைதான். விசாரணை அறிக்கை ஒரே வரியில் முடிந்தது.

பல்லியின் மனைவி அறிக்கையை எடுத்துக்கொண்டு நேராக அவள் மேசைக்கு வந்தாள்.

“எனக்கு எழுத்து தெரியாதும்மா. இதுல அவரப் பத்தி என்ன போட்டிருக்குன்னு வாசிங்க.”

வாசித்தாள். ‘மறுபக்கத்தைச் சோதிக்காமல் தொட்டது இறந்தவரின் கவனக்குறைவு.’ குரல் பிசகவில்லை.

“நல்லா வாசிக்கறீங்க” என்றாள் அந்தப் பெண். “அவரு பூட்டு மட்டும் கெடைக்கலன்னு சொல்றாங்க. அது எங்க போயிருக்கும்?”

“தெரியலங்க.”

“வந்துரும். அவரு எதையும் பாதில விடமாட்டாரு.”

டக்.

இப்போது ஜன்னலுக்குக் கீழே கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரு முழுக்க மின்சாரம் போனது. எதிர்வீடு, மூலைக்கடை, தெருவிளக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, ஊதி அணைத்தது போல. அவள் தலைக்கு மேலே இருந்த பல்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

முறையாக யோசிக்கலாம் என்று உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ஜெனரேட்டராக இருக்கலாம். அறுந்த கம்பி எதுவோ கூரையில் விழுந்திருக்கலாம். அப்படியானால் ஈரச்சுவர், படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி, படி முடியும் இடத்தில் உள்ள கிரில் கதவு... வீட்டுக் கதவைத் திறந்து, புறங்கையால் கிரில்லை லேசாகத் தொட்டாள். சுருக்கென்று தோள்வரை ஏறியது.

அப்போதுதான் அக்கா செல்போனில் கூப்பிட்டாள். மருந்துக்கடையில் வேலை முடிந்து வரும் நேரம்.

“முட்டிவரைக்கும் தண்ணிடி. தெருமுனைக்கு வந்துட்டேன். சூடா எதாவது போட்டு வை, எனக்குக் குளிர்ல கை காலெல்லாம் நடுங்குது.”

“அக்கா, கீழயே நில்லு. கிரில்ல கரெண்ட் அடிக்குது. நான் சொன்னதும் வா.”

“பொறியாளரம்மா சொன்னா சரி. சீக்கிரம் சொல்லு தாயே.”

கதவைத் தாழிட்டாள். மெயினை இறக்கினாள். ஃப்யூஸ் கட்டை இரண்டையும் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். வீடு இருண்டது. செல்போன் வெளிச்சத்தில் டெஸ்டரை எடுத்து போர்டில் வைத்தாள், எரியவில்லை. ஈரச்சுவரில் வைத்தாள், எரியவில்லை. கதவைத் திறந்து கிரில்லில் வைத்தாள், எரியவில்லை. அவளுக்குத் தன்மேல் எப்போதும் சந்தேகம் என்பதால் இன்னொருமுறை எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாள். எங்கும் உயிர் இல்லை. கதவை மறுபடி தாழிட்டாள்.

“அக்கா, எல்லாம் ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். தைரியமா மேல வா.”

“இந்தத் தண்ணில ஆமை மாதிரிதான் வர முடியும். அஞ்சு நிமிஷம் ஆகும்.”

இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கொக்கிச் சத்தம் நின்றிருந்தது. அதற்குப் பதில் ஒரு வாடை. நனைந்த தோல் கையுறையின் வாடை முதலில். அப்புறம், அதற்கு அடியிலிருந்து கிளம்பி அறையெல்லாம் பரவும், தீய்ந்த முடியின் வாடை. பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் செல்போனில் மணியைப் பார்த்தாள். ஃப்யூஸைப் பிடுங்கி ஆறு நிமிடம் ஆகியிருந்தது.

கதவுப் பக்கம் ஒரு சத்தம். கிளிக்.

வெளிச்சத்தைத் திருப்பினாள். உட்பக்கத் தாழ்ப்பாளில் ஒரு பித்தளைப் பூட்டு தொங்கியது. லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பல்பு எரிந்தது.

மெதுவாக, முதலில் கம்பிச் சிவப்பாக, பிறகு முழுசாக. ஃப்யூஸ் கட்டைகள் இரண்டும் மேசைமேல்தான் கிடந்தன.

செல்போன் ஒலித்தது. “ஏண்டி, நீதானே ஆஃப் பண்ணிட்டேன்னு சொன்ன? நம்ம வீடு மட்டும் பளிச்சுன்னு இருக்கே. கரெண்ட் வந்துருச்சா?” அக்கா மூச்சு வாங்கினாள். படியில் காலடி கேட்டது. “ஆமா, வீட்ல யாருடி அது? சுவத்துல ஒட்டிக்கிட்டு, தலகீழா...”

“அக்கா, ஏறாத! எதையும் தொடாத!”

இணைப்பு அறுந்திருந்தது.

பூட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஃப்யூஸ் கட்டையால் அடித்தாள். கட்டை உடைந்தது. கதவை உதைத்தாள். “அக்கா! தொடாத! அக்கா!” தகரக் கூரை அத்தனையையும் விழுங்கியது. பின்னால், சுவரில், உச்சிக்கு அருகில், தோல் உராயும் சத்தம். திரும்பவில்லை.

“தப்புதான்” என்றாள் கதவைப் பார்த்தபடி. “தேதிய நான்தான் மாத்தினேன். எழுதித் தரேன். இப்பவே எழுதித் தரேன். அவளை விட்டுருங்க.”

பூட்டை மறுபடி இழுத்தாள்.

ஈரச் செருப்புச் சத்தம் மேலே வந்துகொண்டிருந்தது. பத்தாவது படி. பதினொன்று. அக்கா வழக்கம்போல மேல்படியில் நின்று செருப்பை உதறினாள். ஒன்று. இரண்டு. இனி கிரில்லைப் பிடிப்பாள்.

பல்பு ஒருமுறை மங்கியது. கம்பியில் திடீரென்று பாரம் ஏறினால் மங்குமே, அப்படி. மங்கியபடியே நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு பழைய வெளிச்சத்துக்கு ஏறியது.

படிக்கட்டில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

தாழ்ப்பாளில் பூட்டு அப்படியே தொங்கியது. திறக்க வேண்டியவர் திறக்கவில்லை. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு தரையில் சரிந்தாள். மேசையில் நாட்குறிப்பு திறந்தபடி கிடந்தது. மறுநாள் வேலைக்காக அவள் வெறுமையாக விட்டிருந்த இடம் இப்போது நிரம்பியிருந்தது. சிவப்புப் பென்சில். ஆனால் எழுத்து அவளுடையது. ஒன்றுகூடக் கோணாமல், வரைவாளர் போடும் நேரான எழுத்து.

நாளைய வேலை: அக்காவைப் பற்றி விசாரணைக்கு எழுதிக் கொடுப்பது. ‘மறுபக்கத்தைச் சோதிக்காமல் தொட்டது இறந்தவரின் கவனக்குறைவு.’ கேட்பவர்களுக்குக் குரல் பிசகாமல் ஒருமுறை வாசித்துக் காட்டுவது.